மூன்றாம் ஓலை

2026 ஜனவரி 11, ஞாயிறு.

இன்று ஒரு சிறு பிழை தெரியவந்தது. சின்ன வயதில் சிவாஜிநகர் மாதா திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோனது அண்ணன் என்று அவனிடமே சொல்லியிருந்தேன். தொலைந்தது அவன் இல்லையாம், நானாம். அம்மா சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. திருத்த வேண்டும். எப்படி என்று தெரியவில்லை.

பிரிஸில்லா பேனாவை மூடி வைத்தாள். பிறகு பென்சிலை எடுத்து, "சிறு" என்ற சொல்லின் மேல் ஒரு கேள்விக்குறி போட்டாள். நிச்சயமில்லாத எதன் மேலும் கேள்விக்குறி போடுவது பகலில் அவள் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீசில் படிந்த பழக்கம். அங்கே மாலைக்குள் யாராவது விடை சொல்லி அதை அழிக்க வைத்துவிடுவார்கள். டைரியில் போட்டவை போட்டபடியே கிடந்தன.

டைரி எழுதுவது வகுப்புக்காக. ஜோகுபாளையத்தில் ஒரு வீட்டு மாடியில், செவ்வாயும் வெள்ளியும் மாலையில், பௌத்த சிந்தனையைப் பற்றி அம்ருதா பாடம் எடுத்தாள். பிரிஸில்லாவைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். முதல் நாளே ஒரு பயிற்சி கொடுத்தாள். "நான்" என்று தோன்றும்போதெல்லாம் எதைச் சொல்கிறோம் என்று நின்று பார்த்து எழுத வேண்டும். உடம்பையா, இன்ப துன்பத்தையா, ஒன்றை இன்னதென்று இனம் காண்பதையா, மனம் பழகிவைத்திருக்கும் போக்குகளையா, இதையெல்லாம் அறிந்துகொண்டிருக்கும் அறிவையா? ஐந்து குவியல்கள். ஒவ்வொன்றையும் கிளறிப் பாருங்கள், எதிலாவது மாறாத ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் எனக்கும் காட்டுங்கள் என்றாள். முன்வரிசையில் இருந்த சுப்ரமணியன், மாநில அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கையைத் தூக்கினார்.

"மாறாத ஆள் யாரும் இல்லேன்னா, மேடம், மாசாமாசம் என் பென்ஷன வாங்கறது யாரு?"

வகுப்பே சிரித்தது. பிரிஸில்லா அதையும் எழுதிக்கொண்டாள்.

அவள் அந்த வகுப்பில் சேர்ந்ததற்குக் காரணம் புத்தர் அல்ல, அண்ணன்தான்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் கிளாரன்ஸ் வீடு எது என்று கேட்டால், "அந்தச் சத்தக்காரப் பையன் வீடா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். அப்பா கிளாரன்ஸ் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டின் சத்தம் முழுவதும் டேரில்தான். கார் ஷோரூமில் விற்பனை அவன் வேலை. விலை விசாரிக்க வந்தவனைச் சாவியோடு அனுப்புகிற வாய் அவனுக்கு. சபையில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் வருஷா வருஷம் அவனைத் தவிர வேறு யாருக்கும் போகாது. பிரேசர் டவுனில் டீச்சராக இருந்த பிரபாவோடு அவனுக்கு நிச்சயமாகி, மோதிரம் மாற்றிய சில வாரங்களில், மழையில் பழைய மெட்ராஸ் ரோட்டில் பைக் சறுக்கித் தலை நடைபாதை விளிம்பில் மோதியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவன் மெதுவாகப் பேசினான், அதுவும் கேட்டால் மட்டும். அம்மாவைத் தெரிந்தது. தங்கையைத் தெரிந்தது. பிரபா உள்ளே வந்தபோது மரியாதையாக எழுந்து நின்று, "உட்காருங்க" என்றான். முன்பெல்லாம் பாகற்காய் வெந்தாலே வாசலுக்கு ஓடுகிறவன், இப்போது இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினான். ஷோரூம்காரர்கள் நல்லவர்கள், அவனை அனுப்பிவிடாமல் பின்பக்க உதிரிபாகக் கிடங்கில் உட்கார வைத்தார்கள்.

அம்மா மௌரீன் ஒரு நாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள். "இந்தப் பையன் நல்ல பையன்தான் பிரிஸி. ஒரு தொந்தரவு இல்ல. ஆனா எம்பையன் எப்ப வருவான்?"

பழைய விஷயங்களை அவனிடம் பேசிக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிரிஸில்லா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. இரவுச் சாப்பாடு முடிந்ததும் தினமும் ஒரு சம்பவத்தை அவனுக்குச் சொன்னாள். சொல்வதற்கு முன் போட்டோவைப் பார்த்தோ அம்மாவைக் கேட்டோ சரிபார்த்துக்கொள்வாள். பள்ளிக்கூடத்து மணியைத் திருடியது, அப்பாவின் ஸ்கூட்டரைச் சுவரில் ஏற்றியது. அவன் பாடம் கேட்கிற பிள்ளைபோல் கேட்பான். சில நாள் கழித்து அவற்றில் ஒன்றை அவனே எடுத்துச் சொல்வான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

திருவிழாக் கதை ஒன்றை மட்டும் அவள் சரிபார்க்கவில்லை. அதற்குத் தேவையே இல்லை என்று நினைத்தாள், அவ்வளவு தெளிவாக அது அவள் கண்ணில் இருந்தது. அவர்கள் மாதா கோயிலைச் சேர்ந்தவர்கள் அல்ல. ஆனாலும் செப்டம்பரில் தேர் பார்க்கப் போவது அந்த வீட்டின் வழக்கம். மாதாவுக்கு நேர்ந்துகொண்டு காவிச் சேலை கட்டிய கூட்டத்தில் அண்ணன் கை நழுவிப் போகிறான். பிறகு ஒரு பலூன்காரனின் விரலைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் கண்ணீராக, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருகிறான். அந்த முகத்தை அவள் பார்த்திருக்கிறாள்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து பிரபா சாப்பிட வந்திருந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் வருவாள், பேசுவாள், போவாள். கல்யாணப் பேச்சை எடுக்கமாட்டாள். அன்று தெருவில் பலூன் விற்பவன் போனான். டேரில் சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தான். சின்ன வயசுல திருவிழாவுல தொலஞ்சுட்டேன், ஒரு பலூன்காரன்தான் கூட்டிட்டு வந்தான் என்று ஆரம்பித்து, மல்லிகைப்பூ வாசனையையும், யார் யாரோ தலைமேல் கை வைத்துப் பேர் கேட்டதையும், பேர் சொல்ல வாய் வராததையும் சொன்னான். பூ வாசனையைப் பற்றி பிரிஸில்லா சொன்னதே இல்லை.

பிரபாவின் முகம் மாறிவிட்டது. "இத யாராச்சும் உனக்குச் சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லையே."

"கோல்ஸ் பார்க்குல, ஃபர்ஸ்ட் டைம் பாத்தப்ப, இத எங்கிட்ட சொன்ன."

புறப்படும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே பிரபா பிரிஸில்லாவிடம் சொன்னாள். யாரும் எடுத்துக்கொடுக்காமல், அவனாக ஒன்றே ஒன்று சொல்லட்டும் என்று இவ்வளவு நாளும் காத்திருந்தாளாம். வீட்டில் அப்பாவிடம் இன்றைக்கே பேசிவிடுவதாகச் சொன்னாள். பிரிஸில்லா வாயைத் திறந்தாள். எடுத்துக்கொடுத்தது நான்தான் என்று சொல்ல இரண்டே சொல் போதும். ஆனால் நடந்த விஷயம்தானே, எந்த வழியாக வந்தால் என்ன என்று தோன்றியது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஆகவே ஜனவரியில் ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, மாப்பிள்ளை பெண் பெயரைப் போதகர் சபை நடுவே அறிவிப்பார். இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர் இருந்தால் எழுந்து தெரிவிக்கலாம் என்பார். யாரும் எழுந்ததாகப் பிரிஸில்லா கண்டதில்லை. முதல் ஞாயிறு, "காலஞ்சென்ற கிளாரன்ஸின் குமாரன் டேரில்" என்று போதகர் வாசித்ததும், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டேரில் தலையைத் திருப்பி, அது யார் என்று பின்வரிசைகளில் பார்த்தான். சபை சிரித்தது. பழைய டேரில் செய்கிற சேட்டை என்று எல்லாரும் நினைத்தார்கள். "பையன் திரும்பி வந்துட்டான்" என்று ஒரு மாமா அவன் முதுகில் தட்டினார்.

அன்று மதியம்தான் அம்மா, வெங்காயம் உரிக்கும்போது, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "டேரில் எங்கடி தொலஞ்சான்? நீதான் தொலஞ்ச. மூணு வயசு உனக்கு. நான் பாதி செத்துட்டேன்."

 டேரில் அந்தக் கதையைச் சொன்ன அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று பிரிஸில்லா கேட்டாள்.

"பிரபா மூஞ்சியப் பாத்தியா? அத எப்படிடி கெடுக்கறது?"

செவ்வாய்க்கிழமை வகுப்பில் பிரிஸில்லா முதல் முறையாகக் கை தூக்கினாள். ஒருவன் ஒரு வாக்குக் கொடுக்கிறான், பிறகு அவனில் எல்லாமே மாறிவிடுகிறது, அந்த வாக்கு யாருடையது என்று கேட்டாள். கேள்வியை இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. அம்ருதா யோசித்துவிட்டு அல்சூர் ஏரியைச் சொன்னாள். போன மழையின் தண்ணீர் இதில் இல்லை, இருந்தாலும் இது வேறு ஏரி என்று யாரும் சொல்வதில்லை. அதே ஆளும் அல்ல, வேறு ஆளும் அல்ல, ஒன்றைச் சார்ந்து அடுத்தது வருகிறது, அவ்வளவுதான். பிரிஸில்லா அதை அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டாள். சரியான விடைதான். அதை யாரிடம் எடுத்துக்கொண்டு போவது என்றுதான் தெரியவில்லை. படியிறங்கும்போது அம்ருதா அவள் தோளைத் தொட்டு, நீ கேட்டது பாடத்துக் கேள்வி இல்லையே என்றாள். பிரிஸில்லா தலையாட்டினாள். 

முதலில் அண்ணனிடம் சொல்வதுதான் முறை என்று அவள் முடிவு செய்தாள். வியாழன் சாயங்காலம் அவன் துளசிக்கும் ரோஜாவுக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். பின்னால் நின்று, ஒன்று தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று தொடங்கி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவன் கையிலிருந்த தண்ணீர் மக்கைக் கீழே வைத்தான். கோபப்படவில்லை. பழைய டேரில் என்றால் இதற்கு வீடு அதிரச் சிரித்திருப்பான்.

"நான் பொய் சொல்லல பிரிஸி. நீ சொன்னது மறந்துபோச்சு, கதை மட்டும் இருந்துச்சு. பிரபா கேக்கறப்ப எனக்கு நெஜமாவே பூ வாசன வந்துச்சு."

"தெரியும்ணா."

அவன் ஈரக் கையைப் பேண்டில் துடைத்தான். "அப்ப நான் எங்க இருந்தேன்?"

"எப்ப?"

"நீ தொலஞ்சப்ப."

அது அவளுக்குத் தெரியாது. அம்மாவும் சொல்லவில்லை. ஆனால் அவன் முகம் ஒரு பதிலுக்காக அப்படித் திறந்துகிடந்தது. "தேடியிருப்பண்ணா" என்றாள். "மம்மி கையைப் பிடிச்சுக்கிட்டு என்னைத் தேடியிருப்ப."

"தேடியிருப்பேன், இல்ல?" என்றான் அவன். மக்கை மறுபடியும் கையில் எடுத்தான். "சரி."

அந்த "சரி" காதில் விழுந்தபோதுதான் தான் செய்தது அவளுக்கு உறைத்தது. இல்லை, எனக்குத் தெரியாது, சும்மா சொன்னேன் என்று சொல்லிப் பார்த்தாள். அவன் ரோஜாவின் அடியில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஏற்கெனவே எங்கேயோ போய்விட்டவன்போல.

இரண்டாம் ஓலையன்றும் அவன் பெயர் வந்ததும் திரும்பிப் பார்த்தான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மதியம் பிரபா வந்தாள், அம்மா மட்டன் குழம்பு வைத்திருந்தாள். பேச்சு எங்கோ சுற்றிக் கூட்டநெரிசலில் வந்து நின்றபோது, டேரில் குழம்பை ஊற்றிக்கொண்டே அமைதியாகச் சொன்னான்.

"திருவிழாவுல இவ தொலஞ்சப்ப நானும் மம்மியும் எவ்ளோ தேடினோம். என் செருப்பு வார் அறுந்துபோச்சு. ஒத்தச் செருப்போட ஓடினேன்."

அம்மாவின் கையிலிருந்த அகப்பை அந்தரத்தில் நின்றது. பிரபா அவனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், கடைசியாகப் பிரிஸில்லாவைப் பார்த்தாள். பிறகு தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டாள். அந்த வாரம் முழுக்க அவளிடமிருந்து போன் வரவில்லை. சனிக்கிழமை காலை ஒரு செய்தி வந்தது. மாஸ்க் ரோட்டில் டெய்லரிடம் ப்ளவுஸ் அளவு பார்க்கப் போகிறாளாம், கூட வர முடியுமா என்று கேட்டிருந்தாள்.

டெய்லர் கடையில் அவர்கள் கல்யாணச் சேலையைப் பற்றி மட்டுமே பேசினார்கள். அளவெடுத்து முடிந்ததும் பக்கத்து பேக்கரியில் டீ வாங்கிக்கொண்டு, தெருவைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பிரபா கேட்பதற்கு முன்பே பிரிஸில்லா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தினம் ஒன்றாகச் சொல்லிக்கொடுத்தது, சரிபார்க்காமல் விட்ட ஒன்று, அம்மா வாயை மூடிக்கொண்டது, வாசலில் தான் வாயை மூடிக்கொண்டது, ரோஜாச் செடியருகே மறுபடியும் ஒன்றை உண்டாக்கிவிட்டது. எதையும் விட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில் வரிசை தப்பி, இரண்டு முறை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

பிரபா டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். அப்படியென்றால் பூ வாசனை யாருடையது என்று கேட்டாள். தெரியாது என்றாள் பிரிஸில்லா. அந்தத் திருவிழாவில் தன்னுடையதென்று ஒரு சின்ன வாசனைகூடத் தன்னிடம் இல்லை. அழுதுகொண்டு வரும் அண்ணன் முகம்தான் இருக்கிறது, அதுவும் நடக்காத ஒன்று.

"ஆனா உங்களுக்கு அவன் முன்னாடியே சொல்லியிருக்கான் இல்லக்கா, கோல்ஸ் பார்க்குல?" என்று பிரிஸில்லா கேட்டாள். அவளிடம் மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை அதுதான். தங்கையின் கதையைத் தன் கதையாக அளந்துவிடுகிற ஆள்தான் பழைய டேரில். அப்படியானால் அது ஒருவகையில் அவனுடையதுதானே.

"வாரம் பூரா அதத்தான் யோசிச்சேன்" என்றாள் பிரபா. "பார்க் ஞாபகம் வருது. பெஞ்சு வருது. அவன் வாய் அசையறது வருது. என்ன சொன்னான்னு வரல. அன்னிக்கு உங்க வீட்டுல சாப்பிடறப்ப இதத்தான் சொன்னான்னு அவ்ளோ நிச்சயமா இருந்துச்சு."

ஒரு ஆட்டோ சத்தம் போட்டுப் போனது. பிரிஸில்லா காத்திருந்தாள். பிரபா கத்துவாள், கல்யாணம் வேண்டாம் என்பாள் என்று பயந்துகொண்டுதான் வந்திருந்தாள். அப்படிக் கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது பட்டது.

"போன மாசம் எனக்குக் காய்ச்சல்னு கேட்டு, ரெண்டு பஸ் மாறி கஞ்சி எடுத்துட்டு வந்தான் இவன். தூக்குல துணி சுத்தி, சூடு போகாம. முன்ன இருந்தானே, அவன்னா வந்திருக்க மாட்டான். போன்ல ஒரு ஜோக் சொல்லியிருப்பான், நானும் சிரிச்சுக்கிட்டே மாத்திரை போட்டிருப்பேன்."

"அப்ப இவனப் பிடிச்சிருக்கா அக்கா?"

"பிடிச்சிருக்கு. ஆனா நான் காத்திருந்தது அவனுக்குப்பா." ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பிரபா கிளாஸைத் தரையில் வைத்தாள். "நாளைக்கு மூணாவது ஓலை. தடை இருக்குன்னு உனக்குப் பட்டா எழுந்து சொல்லிடு. நான் பேஜார் பண்ணிக்க மாட்டேன், உம்மேல வருத்தமும் வராது, சத்தியமா. என்னயச் சொல்லச் சொல்லாத. என்னன்னு சொல்லுவேன்? இவன் அவன் இல்லன்னா? பக்கத்துலயே உக்காந்திருப்பான், கேட்டுக்கிட்டு."

அதற்குப் பிறகு ப்ளவுஸ் எப்போது கிடைக்கும் என்று பேசிக்கொண்டே பஸ் நிறுத்தம்வரை நடந்தார்கள்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றும் நேரத்தில் பிரிஸில்லா டைரியைத் திறந்தாள். எழுந்து நின்றால் என்ன சொல்வது என்பதை எழுதிப் பார்த்துவிட்டால் தெளிவு பிறக்கும் என்று நம்பினாள். எதற்கும் முதலில் ஒரு நகல் எழுதிப் பார்ப்பதுதான் அவள் முறை. "இங்கே பெயர் வாசிக்கப்பட்ட டேரில் என்பவர்" என்று எழுதினாள். வாக்கியம் நின்றுவிட்டது. இறந்துவிட்டார் என்று முடித்தால் பொய். மாறிவிட்டார் என்று முடித்தால், அது தடையா? மாறாதவர் யாராவது இந்தச் சபையில் இருந்தால் எழுந்திருக்கட்டும் என்று போதகர் திருப்பிக் கேட்டால்? அவர் கேட்கமாட்டார். சுப்ரமணியன் சார் கேட்பார்.

அவள் "டேரில்" என்ற பெயரின் மேல் ஒரு கேள்விக்குறி போட்டாள். கொஞ்சம் பொறுத்து, டைரியின் முதல் பக்கத்தைத் திருப்பித் தன் பெயரை எழுதியிருந்த இடத்தின் மேலும் ஒன்று போடப் போனாள், போடவில்லை. அமைதி வரும் என்று வகுப்பில் சொல்கிறார்கள். பிடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று தெரிந்தால் பிடி தளரும் என்கிறார்கள். அவளுக்கு நேர்மாறாக இருந்தது. கூட்டத்தில் எவன் விரலையாவது பிடித்தாக வேண்டும்போல இருந்தது.

கதவருகே டேரில் நின்றான். நாளைக்குப் போடுகிற நீலச் சட்டை கையில் இருந்தது. இஸ்திரி தானே போட்டுக்கொண்டதாகச் சொன்னான், காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"நாளைக்கு என் பேர வாசிப்பாங்கல்ல பிரிஸி."

"ஆமாண்ணா."

"ரெண்டு தடவையும் யாரோன்னு திரும்பிட்டேன். பிரபாவுக்கு அசிங்கமா இருந்திருக்கும். பேர் வர்றப்ப என் கையக் கொஞ்சம் பிடிச்சுக்கறியா? பிடிச்சீன்னா எனக்குத் தெரிஞ்சுடும், நான்தான்னு."

அவள் சட்டையை வாங்கிக்கொண்டாள். காலரைச் சரிசெய்து தருவதாகச் சொன்னாள். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். பழைய டேரில் அவளுக்கு ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. அல்லது சொல்லியிருப்பானோ, அவளுக்குத்தான் நினைவில்லையோ.

இஸ்திரிப் பெட்டி சூடாகும்வரை காத்திருந்தாள். பிறகு மேசைக்கு வந்து, முடியாத வாக்கியத்தை ஒரே கோடாக அடித்துவிட்டு, அதன் கீழே எழுதினாள்.

நாளை: அண்ணனுடன் எட்டு மணி ஆராதனைக்குப் போக வேண்டும். போதகர் பெயர் வாசிக்கும்போது அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.